கழுத்து நோவுக்கு முதுகில் ஏன் கை வைக்கிறார்கள்?

கழுத்து நோகிறது என்று பிசியோதெரபிக்குப் போனால், சிலவேளை கழுத்தை விட்டுவிட்டு மேல்முதுகை அழுத்துவார்கள். நோகும் இடம் ஒன்று, கை வைக்கும் இடம் வேறொன்று என்று பலருக்குக் குழப்பம். கொழும்பில் செட்டியார் தெரு நகைப் பட்டறையில் குனிந்தே இருப்பவருக்கும், கோட்டையில் நாள் முழுக்கக் கணினியைப் பார்ப்பவருக்கும் இந்தச் சிகிச்சை பொருந்தக்கூடும். ஆகவே விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

கழுத்தில் 7 முள்ளென்புகள், அதாவது முதுகெலும்பின் தனித்தனி எலும்புகள். அவை கீழே உள்ள 12 நெஞ்சு முள்ளென்புகளின் மேல் நிற்கின்றன. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து மட்டும் அசைவதில்லை; மேல்முதுகின் முதல் சில மூட்டுகளும் சேர்ந்தே அசைகின்றன. தலையைத் தாங்கும் தசைகள் சிலவும் மேல்முதுகில் தொடங்கி மண்டையோடு வரை ஏறுகின்றன. விலா எலும்புகள் பிணைந்திருப்பதால் மேல்முதுகுக்கு இயல்பாகவே அசைவு குறைவு. கூனியே இருந்து அதுவும் இறுகிவிட்டால், மிச்ச வேலை கழுத்தின் தலையில் விழுகிறது.

சிகிச்சை நடப்பது இப்படி. நீங்கள் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்வீர்கள். சிகிச்சையாளர் ஒரு கையை உங்கள் முதுகுக்குக் கீழே வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்வார். மூச்சு முடியும் தறுவாயில் சட்டென்று ஒரு சிறு அழுத்தம். பெரும்பாலும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும்.

அந்தச் சத்தம் விலகிய எலும்பு இடத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் இல்லை. மூட்டின் பரப்புகள் திடீரெனப் பிரியும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரல் மூட்டை இழுத்தபடி எம்.ஆர்.ஐ. எடுத்து அந்தக் குழி உருவாவதையே காட்டினார்கள். சத்தம் வராவிட்டாலும் பலன் கிடைக்கலாம்.

அப்போ நோ ஏன் குறைகிறது? திடீர் அழுத்தம் மூட்டிலும் தசையிலும் உள்ள உணர்நரம்புகளைத் தூண்டுகிறது. அந்தச் செய்தி முண்ணாணுக்கும் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்) மூளைக்கும் போய், நோவை அடக்கும் உடலின் சொந்த ஏற்பாட்டை எழுப்பிவிடுகிறது, இறுகிய தசையும் தளர்கிறது என்பதே இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம். பலருக்குத் தலை திருப்புவது அன்றைக்கே இலேசாகிறது. ஆனால் இந்த இதம் நெடுநாள் நிற்காது. கழுத்து அசையும் அந்த வேளையில் பயிற்சியைத் தொடங்கவேண்டும். கதிரையில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோர்த்து, மேல்முதுகைப் பின்னோக்கி வளைப்பது எளிய ஒன்று.

முதுகைத் தேர்வதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரு நாடிகள் கழுத்து முள்ளென்புகளின் துளைகளினூடாக ஏறுகின்றன. கழுத்தை வெடுக்கெனத் திருப்பினால், அரிதாக என்றாலும், அவை கிழிந்து பக்கவாதம் வரலாம். சலூனில் முடி வெட்டியபின் கழுத்தில் நெட்டி முறிக்க வந்தால் தயவுசெய்து வேண்டாமென்று சொல்லுங்கள்.

எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் (ஒஸ்டியோபொரோசிஸ்), புற்றுநோய், அண்மையில் விழுந்து அடிபட்டது ஏதும் இருந்தால் முதுகை அழுத்தவும் கூடாது. முதலில் வைத்தியரிடம் சொல்லவேண்டும். கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ பிசியோதெரபிக்காகக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.