பெட்டி காலியாக இருந்தால் பெருமைப்படாதீர்கள்

“மாணவர் மனசுப் பெட்டியை மூன்று மாதமாகத் திறந்து பார்க்கிறோம், ஒரு சீட்டுகூட இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை.” போன வாரம் ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம் மலர்ந்த முகத்தோடு சொன்னது இது. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடப் பள்ளியில் வைத்திருக்கும் பெட்டிதான் அது. அரசுப் பள்ளிகளுக்கு உளவியல் ஆலோசகராகப் போய்வரும் நான் இந்தக் கல்வியாண்டில் மட்டும் இதை ஐந்தாறு பள்ளிகளில் கேட்டுவிட்டேன். இந்த முறை என் பொறுமை போய்விட்டது.

நான் அந்தப் பள்ளிக்குப் போனதே, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வராததால்தான். பதிவேட்டின் ஓரத்தில் ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். வீட்டுக்குப் போனேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். பாட்டி திண்ணையில் இருந்தார். அந்தப் பெண் கணக்கு நோட்டை எடுத்துவந்து காட்டினாள். பள்ளிக்கு வராத நாட்களிலும் தோழியிடம் வாங்கி எழுதிவைத்திருக்கிறாள். இவளுக்கா ஆர்வமில்லை?

மாலைச் சிறப்பு வகுப்பு முடிய ஐந்தே கால் ஆகிறது. அவள் ஊருக்குப் போகும் பஸ் நாலு ஐம்பதுக்கு. அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. இறங்கிய பிறகு ஒன்றரை கிலோமீட்டர் விளக்கில்லாத பாதை, நடுவில் மதுக்கடை. “இதைப் பள்ளியில் யாரிடமாவது சொன்னாயா அம்மா?” என்று கேட்டேன். “ஜூலையிலேயே பெட்டியில் எழுதிப் போட்டேன் மிஸ்” என்றாள்.

அந்தச் சீட்டைக் காலை வணக்கக் கூட்டத்தில் உரக்கப் படித்திருக்கிறார்கள். “சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று எழுதியது யார்? முன்னால் வா.” யாரும் போகவில்லை. மதியத்துக்குள் தமிழாசிரியை கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. “என்னிடமே சொல்லியிருக்கலாமே” என்று மட்டும் கேட்டாராம். வகுப்பே திரும்பிப் பார்த்திருக்கிறது. அதன் பிறகு அந்தப் பெட்டியில் யாரும் எதையும் போடவில்லை. தலைமை ஆசிரியர் பெருமையோடு சொன்ன மூன்று மாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் போகுமா? நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூன்று நாள் போகுமா? அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தலைமை ஆசிரியர் அறை வாசலில். தலைக்கு மேலே கண்காணிப்புக் கேமரா. சாவி அவருடைய மேசை இழுப்பறையில். எழுதும் பிள்ளையின் கையெழுத்தை அன்றாடம் நோட்டு திருத்தும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் அறிவார்கள். ஒரு பள்ளியில் இடது கையால் எழுதப்பட்ட சீட்டைப் பார்த்திருக்கிறேன். எழுத்து கோணிக்கோணிப் போயிருந்தது. ‘கழிவறையில் தண்ணீர் இல்லை’ என்ற மூன்று சொல்தான். தண்ணீர் கேட்பதற்கே ஒரு குழந்தை தன் கையை மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று இன்னும் கேட்பீர்களா? காலிப் பெட்டி உங்களுக்குக் கிடைத்த நற்சான்று என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். என் அனுபவத்தில், நிறையச் சீட்டு விழும் பள்ளிகளைவிட ஒன்றும் விழாத பள்ளிகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஆலோசனை அறையிலும் அப்படித்தான். “ஒன்றுமில்லை மிஸ்” என்று வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துகொள்ளும் பிள்ளையை நாங்கள் உடனே அனுப்பிவிடுவதில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு: “பிள்ளைகளைக் கேட்டால் தினமும் விடுமுறை கேட்பார்கள்.” கேட்டுப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். என் குறிப்பேட்டில் இருப்பவை இவை: விளையாட்டு வகுப்பைக் கணக்கு சார் எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பில் யாருடைய அப்பா குடிக்கிறார் என்பதைச் சொல்லித் திட்ட வேண்டாம். கரும்பலகை வெளிறிவிட்டது, கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரியவில்லை. உதவித்தொகை வாங்குபவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம். இதில் எது விளையாட்டுத்தனம்?

ஆறாம் வகுப்புப் பெண் குழந்தைகள் சிலரோடு ஒரு பள்ளியைச் சுற்றி நடந்தேன். “உங்களுக்குப் பிடிக்காத இடத்தைக் காட்டுங்கள்” என்று மட்டும் சொன்னேன். நேரே கழிவறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு இருந்தது, குழாய் இருந்தது, நாப்கின் எரிக்கும் கருவிகூட இருந்தது. உள்தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்கத் தோழி இல்லாத ஒரு குழந்தை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். அதன் விளைவு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வுப் படிவத்தில் ‘கழிவறை: உள்ளது’ என்றுதான் இருக்கும், அதில் பொய் இல்லை. தாழ்ப்பாள் இல்லை என்பது அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

காலை உணவுத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஒரு பள்ளிக்குப் போனபோது பிள்ளைகளிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டதையும், இல்லை என்று அவர்கள் சொன்னதையும் அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே பொதுமேடையில் கூறினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அந்தத் திட்டம் தொடங்கியது. கேட்டதற்குப் பலன் கிடைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இவ்வளவு பெரிய சான்று இருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை தருகிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. நம் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடத்தைப் பெற்றோருக்கு ஒதுக்கியது, பாதி உறுப்பினர்கள் பெண்கள் என்றது. எத்தனை குழுக் கூட்டங்களில் பிள்ளைகள் சொன்னது என்ன என்று யாராவது கேட்கிறார்கள்? நான் உட்கார்ந்த கூட்டங்களில் சுற்றுச்சுவரும் வர்ணமும்தான் பேசப்பட்டன.

கேட்பதிலும் ஆபத்து இருக்கிறது. நாங்குநேரியை மறக்க முடியுமா? தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிறகு, 2023 ஆகஸ்டில் ஒரு மாணவர் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதை ஒட்டித்தான், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைந்து 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சொன்ன பிள்ளையைக் காப்பாற்ற வழி செய்யாமல் “தைரியமாகச் சொல்” என்று தூண்டுவது பெரும் தவறு. சொன்னவர் பெயர் ஆசிரியர் அறைத் தேநீர்ப் பேச்சில்கூட வரக் கூடாது.

பாலியல் தொல்லை என்று ஒரு வரி இருந்தாலும் பள்ளிக்குள் பஞ்சாயத்து வைக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. “பள்ளிப் பெயர் கெட்டுவிடும்” என்ற பேச்சை என்னிடம் யாரும் கொண்டுவர வேண்டாம்.

பெட்டியை இன்றைக்கே இடம் மாற்றுங்கள். கேமரா பார்க்காத, எல்லோரும் எப்படியும் கடந்துபோகும் இடமாக இருக்கட்டும். திறக்கும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். ஒரு ஆசிரியரோடு மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய் ஒருவரும் கூட இருக்கட்டும். சாவி தலைமை ஆசிரியரிடம் வேண்டாம். சீட்டைக் கூட்டத்தில் படிக்கவே படிக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் எழுதுங்கள்: இது செய்தாயிற்று, இதற்கு மனு அனுப்பியிருக்கிறோம், இது நம்மால் முடியாது, காரணம் இன்னது. முடியாது என்ற பதிலைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். பதிலே வராததைத்தான் தாங்க மாட்டார்கள். வகுப்புத் தலைவர்களை மட்டும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு மாணவர் கருத்து என்று எழுதாதீர்கள். கடைசி பெஞ்சில் இருப்பவரை, அடிக்கடி வராதவரை, எழுதத் தடுமாறுபவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். எழுத வராத சின்னக் குழந்தையை வரையச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “இன்றைக்கு என்ன பாடம்?” என்று கேட்கிறீர்கள், நல்லது. “பள்ளியில் எந்த இடத்துக்குப் போகப் பிடிக்கவில்லை?” என்றும் ஒரு நாள் கேளுங்கள். பதில் வந்தால் உடனே சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள்; பிள்ளை அடுத்த முறை சொல்லாது. பள்ளியில் கேட்பார் இல்லையென்றால் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

அந்தத் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டுப் பணிமனைக்கு மனு எழுதவும் ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை பெட்டியை நூலகத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம். அன்றைக்கே பாட்டியிடம் பேசி அந்தப் பெண்ணையும் கூட்டிவரப் போகிறேன்.