பளபளக்கும் பிடிஎஃப் வேண்டாம், அதற்கு முந்தைய கோப்பைத் தாருங்கள்

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியத்தைக் கவனிப்பது என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் இணையத்தில் படிக்கும்படி சேர்த்து வைக்கும் இடம் அது. ஆய்வாளர்கள் அனுப்பும் கோப்புகள் பெரும்பாலும் இதழின் சின்னமும் பக்க எண்ணுமாக அச்சுக்கோத்து அழகாக வரும். அவற்றைத்தான் பல நேரங்களில் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. எழுதியவர் நீங்களே என்றாலும், பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகு அந்த பிடிஎஃப் பதிப்பகத்தின் சொத்து.

எங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய நிலை. மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்களையெல்லாம் செய்து, இதழாசிரியர் ஏற்றுக்கொண்ட அந்த வேர்ட் கோப்பு. பெரும்பாலான பதிப்பகங்கள் இதைக் களஞ்சியத்தில் வைக்கச் சம்மதிக்கின்றன. சில உடனே, சில 12 அல்லது 24 மாதம் கழித்து. அந்தக் கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நாள் வரும்வரை கோப்பு பூட்டியே இருக்கும்.

ஆனால் கேட்கும்போது கோப்பு இருப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்குள்ள ஆய்வுக்கூடங்களில் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தால் பல்கலைக்கழக மின்னஞ்சலும் மடிக்கணினியும் போய்விடும். அப்புறம் கேட்டால், “அந்த ஃபைல் இப்ப என்கிட்ட இல்லையே மேடம்” என்பார்கள். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே களஞ்சியத்தில் ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே தொலைத்தவர்கள் இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் பழைய கணக்கைத் திறந்து பாருங்கள். கடைசித் திருத்தம் பெரும்பாலும் அங்கே கிடக்கும்.

இது விருப்பம்போல் செய்யும் காரியமும் அல்ல. சிங்கப்பூரின் தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வென்றால், வெளியான 12 மாதங்களுக்குள் கட்டுரை எல்லாரும் படிக்கும்படி களஞ்சியத்தில் இருக்க வேண்டும். இங்குள்ள என்டியு, என்யுஎஸ், எஸ்எம்யு பல்கலைக்கழகங்கள் மூன்றிலும் களஞ்சியம் உண்டு, கட்டணம் கிடையாது. அதுவே, நேச்சர் இதழிலேயே கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்க 2021இல் 9,500 யூரோ கேட்டார்கள்!

“ரிசர்ச்கேட்டில் போட்டிருக்கிறேனே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் தளம், ஆனால் தனியார் நிறுவனம். அதுபோன்ற அகாடெமியா தளத்திலிருந்து கட்டுரைகளை நீக்கச் சொல்லி எல்செவியர் பதிப்பகம் 2013இல் ஆயிரக்கணக்கில் அறிவிப்பு அனுப்பியது. கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எங்கேயும் ஏற்றாதீர்கள், களஞ்சியம் உட்பட. முதலில் விண்ணப்பம், பிறகு வெளியீடு.

தமிழில் எழுதுவோர் எழுத்துருவைக் கவனியுங்கள். பழைய பாமினியிலோ டாமிலோ தட்டிய ஆய்வேடு திரையில் அழகாகத் தெரியும். தேடுபொறிக்கோ அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தாருங்கள், தலைப்பையும் சுருக்கத்தையும் ஆங்கிலத்திலும் சேருங்கள்.

பெயர் இன்னொரு சிக்கல். ஒரே முருகன் ஒரு கட்டுரையில் எஸ். முருகன், அடுத்ததில் முருகன் சுப்ரமணியம், அடையாள அட்டையில் நடுவே ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ‘எஸ்/ஓ’ வேறு. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண் இலவசம், பதிவுசெய்யச் சில நிமிடம் போதும். கோப்போடு அந்த எண்ணையும் அனுப்புங்கள்.