முதியோர் அட்டை முதல் கைதடி முதியோர் இல்லம் வரை: யாழ்ப்பாணத்தில் 60 வயதைத் தாண்டியவருக்கு என்னென்ன உண்டு?

இலங்கைச் சட்டத்தில் 60 வயது நிறைந்தவர் முதியவர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. ஆனால் 60 வந்த அன்றைக்கே எல்லாம் கைக்கு வந்துவிடாது. முதியோர் அடையாள அட்டைக்கு 60, மாதக் கொடுப்பனவுக்கு 70, தனியார் துறையில் வேலை செய்தவரின் ஊழியர் சேமலாப நிதிக்கு ஆணென்றால் 55, பெண்ணென்றால் 50. கொடுப்பனவு கேட்டு 60 வயதில் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். 55 வயதிலேயே எடுத்திருக்கக்கூடிய சேமலாப நிதியை 70 வரை மறந்து கிடக்கிறவர்களும் இருக்கிறார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலோ கடையிலோ ஐந்தாறு வருடம் வேலை செய்து சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்பட்டிருந்தால், முதலாளி போட்ட 12 வீதமும் சேர்ந்து உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பழைய அங்கத்துவ இலக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மற்றவை பெரும்பாலும் விதானையிடமே, அதாவது கிராம அலுவலரிடமே, தொடங்குகின்றன. யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் 15 பிரதேச செயலகங்களும் உண்டு. உங்கள் பிரிவு விதானையின் கையெழுத்து இல்லாமல் பல விண்ணப்பங்கள் நகரா. பிரதேச செயலகத்தில் இரண்டு மேசைகளைப் பிரித்துத் தெரிந்து வையுங்கள். முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் முதியோருக்கான தேசிய செயலகத்தின் வேலைகளைப் பார்ப்பவர். அட்டை, முதியோர் சங்கம், பராமரிப்பு முறைப்பாடு எல்லாம் அவரிடம். சமூக சேவை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். அரச முதியோர் இல்லம், மாகாண உதவிகள் அவர் வழியாக. இருவருமே வெளிக்கள வேலைக்குப் போகிறவர்கள். நெடுந்தீவிலிருந்தோ மருதங்கேணியிலிருந்தோ வெளிக்கிடுமுன் எந்த நாளில் கந்தோரில் இருப்பார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சம்.

பெயரும் பிறந்த திகதியும்

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இங்கே பெரும் காரணம் வறுமையை நிரூபிக்க முடியாமை என்று பலர் நினைக்கிறார்கள். பெயர்ப் பிழைதான் அதைவிட அடிக்கடி குறுக்கே நிற்கிறது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தையல்முத்து, அடையாள அட்டையில் தையல்நாயகி, வங்கிப் புத்தகத்தில் கணவன் பெயரின் முதலெழுத்தோடு வேறொரு பெயர். போதாக்குறைக்கு 1995 வலிகாமம் இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பிறகு எடுத்த பிரதிகளில் இன்னொரு எழுத்துக்கூட்டல்.

அடையாள அட்டை இலக்கத்தையே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பழைய அட்டையின் இலக்கம் 55561 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 55 என்றால் பிறந்த ஆண்டு 1955. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே 561 என்பது 61ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதால் அது மார்ச் 1. புதிய 12 இலக்க அட்டையில் இதே எண் 1955561 என்று வரும். இப்படிக் கிடைக்கும் திகதி பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், 70 வயதுக் கொடுப்பனவுக்குப் போகும் நேரத்தில் கேள்வி வரும். அதுவரை காத்திருக்காமல் 60களிலேயே சரிசெய்யுங்கள். பெயர் வித்தியாசம் மட்டும் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, அதை ஏற்பார்களா என்று உரிய மேசையில் காட்டிக் கேளுங்கள். ஓய்வூதியத்துக்கு இது எல்லா நேரமும் போதும் என்றில்லை. அங்கே பத்திரத்தையே திருத்தச் சொல்லக்கூடும்.

அட்டையும் கொடுப்பனவும்

முதியோர் அடையாள அட்டை காசு தரும் அட்டையல்ல. வைத்தியசாலை, வங்கி, தபாலகம் போன்ற இடங்களில் வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும். போதனா வைத்தியசாலை கிளினிக் நாளில் காலை ஆறு மணிக்கே போய் நிற்கிறவருக்கு அதன் பெறுமதி தெரியும். கிளினிக் கொப்பியின் உறைக்குள்ளேயே அட்டையை வைத்துவிட்டால் மறந்துபோகாது.

மாதக் கொடுப்பனவு 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவருக்கு. 2025 ஏப்ரலில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும பெறும் குடும்பத்தில் இருக்கும் முதியவருக்கு வங்கி வழியாக வருகிறது. எந்தக் கணக்குக்கு வருகிறது, புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைப்பது நல்லது. காசு ஒழுங்காக வந்துகொண்டிருக்க, முதியவருக்கே அது தெரியாத வீடுகளும் உண்டு.

அஸ்வெசும தெரிவு 22 குறிகாட்டிகளை வைத்து நடக்கிறது. வீடு, சொத்து, வருமானம், கல்வி, சுகாதாரம், குடும்ப அமைப்பு எல்லாம் அதில் சேரும். யாழ்ப்பாணத்துக்கு இது கொஞ்சம் இடக்கான கணக்கு. கனடாவில் இருக்கும் மகன் கட்டிய மாடிவீட்டில், வீட்டைக் காத்துக்கொண்டு, தனியே கஞ்சி குடிக்கும் தாய் தாளில் வசதியானவராகத் தெரிவார். மேன்முறையீட்டில் ‘நான் ஏழை’ என்று எழுதுவதால் பயனில்லை. வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, காசு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, மருந்துக்கு எவ்வளவு போகிறது என்று குறிப்பாக எழுதி, உறுதியின் பிரதியையும் இணையுங்கள். நலன்புரி நன்மைகள் சபையின் உதவி இலக்கம் 1924.

பென்சன்காரருக்கும் சேமிப்பு உள்ளவருக்கும்

அரச ஓய்வூதியர் ஆண்டுதோறும் உயிர்ச்சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் ரொறொன்ரோவில் பேரப்பிள்ளையோடு நிற்கத் திட்டமிட்டால், அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகம் வழியாக எடுத்து அனுப்பும் ஒழுங்கை வெளிக்கிடுமுன்னரே கேளுங்கள். தவறினால் ஓய்வூதியம் நிற்கும். மனைவியின் திருமணப் பதிவு விபரம் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கோப்பில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் ஓய்வூதியர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. ஓய்வூதியர் காலமானால் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவியுங்கள். மரணத்துக்குப் பின் கணக்கில் விழுந்த மாதங்களைத் திருப்பிக் கேட்பார்கள். ஓய்வூதியத் திணைக்கள உதவி இலக்கம் 1970.

சேமிப்பு வைத்திருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2025 யூலை 1 முதல் ஒரு சலுகை உண்டு: ஓராண்டு நிலையான வைப்பில் 10 இலட்சம் ரூபாய் வரைக்கும் வழக்கமான வட்டியோடு மேலதிகமாக 3 வீதம். முழு 10 இலட்சமும் போட்டால் ஆண்டுக்கு 30,000 ரூபாய் கூடுதல், மாதத்துக்கு 2,500. வைப்பைத் திறக்கும்போது ‘முதியோர் திட்டத்தில்’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். வரியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால் போன வருடத்துப் படிவம் இந்த வருடத்துக்குச் செல்லாது.

உறுதி எழுதுமுன்

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். வீடு வளவை மகளுக்குச் சீதனமாகவோ பிள்ளைக்கு நன்கொடையாகவோ எழுதும்போது, சீவிய உரித்தை உங்களுக்கு வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். அப்போது உரிமை பிள்ளைக்குப் போகும். குடியிருக்கவும் தென்னை, பனை, வாடகை வருமானத்தை எடுக்கவும் உள்ள உரித்து சாகும்வரை உங்களுடையது. கணவன் மனைவி இருவருக்கும் அதை வைத்து எழுதுங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்துவிட்டு அவர் முதலில் போய்விட்டால், மற்றவர் மருமகனின் தயவில். உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் கொடுப்பதென்றாலும் எல்லா அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்காமல், வங்கிக்கா, காணிக்கா, எந்தக் காணிக்கு என்று பிரித்து எழுதுங்கள்.

சீவிய உரித்து இல்லாமல், மீளப்பெற முடியாத நன்கொடையாக எழுதிக்கொடுத்த பின் பிள்ளை கொடுமை செய்தால் வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. படுமோசமான நன்றிகேட்டைக் காரணம் காட்டி அப்படியான உறுதியை நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. கால எல்லை உண்டு. சமாதானம் பேசிப் பேசி ஆண்டுகளைக் கழிக்காமல், யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

பராமரிப்புச் சபை

தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து மாதப் பணமோ ஒரே தொகையோ பெற 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய செயலகம் பத்தரமுல்லை செத்சிறிபாயவில் இருந்தாலும், விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மூலமாக அனுப்பலாம். ஒவ்வொரு பிள்ளையின் முழுப்பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றோடு, மாதச் செலவையும் வரிவரியாக எழுதிக்கொண்டு போங்கள்: மருந்து, பால்மா, மின்சாரம், கிளினிக்குக்குப் போகும் ஓட்டோக் காசு.

இங்கே நடக்கும் தவறு ஒன்று. நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் வெளிநாட்டில் இருந்தால், கிட்ட இருப்பவர் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். பார்க்கிற பிள்ளையிலேயே சுமை ஏறுகிறது. நால்வரையும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் கட்டளையை நிறைவேற்றி எடுப்பது நடைமுறையில் கடினம்தான்; என்றாலும் அவர் பெயர் கோப்பில் இருந்தால், உள்ளூரில் இருப்பவருக்கு எவ்வளவு என்று பேசும்போது அது கணக்கில் வரும். ‘பெத்த பிள்ளையைக் கோட்டில் ஏத்துறதோ’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்ணப்பம் போடப்போவது தெரிந்த கணமே காசு அனுப்பத் தொடங்கிய பிள்ளைகள் பலர்.

இல்லத்துக்குப் போவதென்றால்

கைதடியில் உள்ள அரச முதியோர் இல்லம் வட மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது. பார்க்க ஆளில்லாதவர்களுக்கானது அது. விதானையின் உறுதிப்படுத்தல், சமூக சேவை உத்தியோகத்தரின் அறிக்கை, வைத்திய அறிக்கை என்ற வரிசையில் விண்ணப்பம் போகும். முதியோர் இல்லங்கள் பொதுவாகத் தன் வேலையைத் தானே செய்யக்கூடியவரையே எடுக்கும். பாயோடு கிடக்கும் நிலை வந்த பிறகு இடம் தேடினால் கதவுகள் குறைவு.

வெளிநாட்டுக் காசு வரும் குடும்பங்கள் இப்போது மாதக் கட்டணம் வாங்கும் தனியார் இல்லங்களைத் தேடுகின்றன. சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு, நேரில் போய்ப் பாருங்கள். பகலில் போகாமல் இரவு ஏழு மணிக்குப் பிறகு போனால், எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்பது தெரியும். மலசலகூடத்தில் பிடிகம்பி இருக்கிறதா, கொமட் இருக்கிறதா, படுக்கையிலிருந்து அதற்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். முற்பணம் கேட்டால், மூன்றாம் மாதம் வெளியேறினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆஸ்பத்திரி வார்ட்டில் அனுமதித்து மறித்தால் இரவில் யார் நிற்பது, அதற்குத் தனிக் கட்டணமா, மரணம் நேர்ந்தால் செத்தவீடு எங்கே, யார் பொறுப்பு என்பதையும் வெட்கப்படாமல் அன்றைக்கே பேசிவிடுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பென்சன் காட் ஆகியவற்றை ‘பத்திரமாக வைக்கிறோம்’ என்று இல்லம் வாங்கி வைக்க விடவேண்டாம். பிரதியைக் கொடுங்கள், மூலம் முதியவரிடமோ அவர் சொல்லும் ஒருவரிடமோ இருக்கட்டும். முகவரி மாறினால் பழைய விதானைக்கும் புதிய விதானைக்கும் இருவருக்குமே அறிவியுங்கள். ஒரு பிரிவின் பட்டியலில் பெயரை வெட்டி, மற்றதில் சேர்க்காமல் விட்ட இடைவெளியில்தான் கொடுப்பனவு மாதக்கணக்கில் நின்றுபோகிறது.