வாபஸ்

போன மாதம் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தது. திரும்பக் கொண்டுபோனேன். மீன்கார அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு வேறு மீன் நிறுத்துக் கொடுத்தார். மீன் கெட்டது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. "உங்கம்மாவுக்குப் புடிக்கலன்னா குடு தம்பி, அதுக்கென்ன?"

வாபஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சொல் பாரசீகம். 'வா' என்றால் மீண்டும், பின்னோக்கி. 'பஸ்' என்றால் பின். (டவுன் பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) உருது வழியாக நம் ஊர்க் கச்சேரிகளுக்கு (பாட்டுக் கச்சேரி அல்ல, அரசு அலுவலகமும் நீதிமன்றமும்) வந்து, வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், ஸ்டிரைக் வாபஸ் என்று ஒட்டிக்கொண்டது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சொல் 'ரத்து'. அது அரபு. ரத்து செய்ய வேறொருவராலும் முடியும்: அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்யும். ஆனால் வாபஸ் வாங்க, கொடுத்த கையால்தான் முடியும். கொடுத்ததை எடுத்துக்கொண்டேன் என்பதோடு சரி. கொடுத்தது சரியா தப்பா என்பதைப் பற்றி இந்தச் சொல் வாயே திறக்காது. ஆட்சியாளர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

2004 மக்களவைத் தேர்தலில் தமிழகம், புதுச்சேரி சேர்த்து 40 தொகுதிகளும் கைவிட்டுப் போனதும், ஜெயலலிதா அரசு மதமாற்றத் தடைச் சட்டம் உட்பட பலவற்றை வாபஸ் வாங்கியது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, மே 1 அன்று வாபஸ். விட்டுக்கொடுப்பதை அவமானமாகக் கருதவில்லை, பெருமையாகவே கருதுவதாக முதல்வர் ஸ்டாலின் சொன்னார். 2021 நவம்பர் 19 அன்று மூன்று வேளாண் சட்டங்களை வாபஸ் வாங்குவதாக அறிவித்த பிரதமர் மோடி மன்னிப்பும் கேட்டார். எதற்கு? தங்கள் தவத்தில் ஏதோ குறை, அதனால் விவசாயிகளில் சிலருக்குப் புரியவைக்க முடியவில்லை என்று. சட்டத்தில் குறை என்று அல்ல. "உங்கம்மாவுக்குப் புடிக்கலன்னா குடு தம்பி."

சரி, தமிழில் என்ன சொல்வது? 'திரும்பப் பெறுதல்' நாளிதழ்களில் நிலைத்துவிட்டது; வேட்புமனுவுக்கும் வழக்குக்கும் தாராளமாகப் போதும். ஈழத்தில் 'மீளப் பெறுதல்' என்பார்கள், அது இன்னும் கச்சிதம். சட்டத்தையே நீக்கினால் சட்டத் தமிழில் 'நீக்கறவு'.

ஆனால் பாரசீகச் சொல்லின் 'பின்' என்ற உறுப்பு உள்ளே இருக்கிற தமிழ்ச் சொல் 'பின்வாங்குதல்'தான். வாபஸ் வாங்கு, பின்வாங்கு: இரண்டிலும் அதே 'வாங்கு'. நேர் மொழிபெயர்ப்பு என்றால் இதைவிட நெருக்கமாக ஒன்று கிடைக்காது. இருந்தும் எந்த அரசு அறிக்கையிலும் 'பின்வாங்குகிறோம்' என்று படித்த நினைவு எனக்கு இல்லை. அதை எதிர்க்கட்சிக்காரர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். மேடையில் அவர்கள் 'வாபஸ்' என்று சொல்வது குறைவு, 'அரசு பின்வாங்கியது' என்பதுதான் அதிகம்.