எண்ணெய் டின்ன எடுக்குறதுக்கு முன்னாடி அது என்ன உலோகம்னு பாருங்க

காரைக்குடில ரொம்ப வருசமா லேத் பட்டறை வச்சுருக்கேன். கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுல வேலை, ஓட்டலா மாத்துறாங்க, வளவுல, அதான் உள்முத்தத்துல, நிக்கிற வார்ப்பிரும்புத் தூண்ல லைட்டு மாட்டணும், தூணுக்கு நாலு தமர், அதான் ஓட்டை, எல்லாம் எம்6 மரை, அதாவது 6 எம்எம் போல்ட்டுக்கு. நான் போகமுடியல, பட்டறைத் தம்பிய அனுப்பிட்டேன். கைவேகம் உள்ள பையன்தான், ஆனா இரும்புன்னா எண்ணெய் ஊத்தணும்ங்கிறது ஒண்ணுதான் அவனுக்குப் பாடம். ஊத்தியிருக்கான் நல்லா தாராளமா. சாயங்காலம் போனா தூண்லேருந்து கரேல்னு மை மாதிரி வழிஞ்சு கீழ ஆத்தங்குடி கல்லுல இறங்கியிருக்கு. அது சிமெண்ட் கல்லுங்க, உறிஞ்சிக்கும். வீட்டுக்கார ஆச்சி ஒண்ணுமே சொல்லல, அந்தக் கறையவே பாத்துக்கிட்டு நின்னாங்க, திட்டியிருந்தாக்கூட தேவலைன்னு இருந்துச்சு.

வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேணாம். அதுக்குள்ளயே கிராஃபைட் இருக்கு, அதுதான் வழுவழுப்பு. சீவல் சுருளா வராது, பொடியாத்தான் கொட்டும், அதுல எண்ணெய் சேந்தா வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகி டிரில் முனையையே தேச்சுரும். காய்ஞ்சபடியே போட்டு பிரஷ்ஷால தள்ளிவிட்டாப் போதும், வாயால ஊதாதீங்க, கண்ணுக்குள்ள போயிரும்.

மத்ததெல்லாம் ஒண்ணொண்ணும் ஒரு குணம். சாதா எம்எஸ்க்கு, அதான் மைல்டு ஸ்டீலுக்கு, தண்ணில கலக்குற கூலன்ட் ஆயில் ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி போதும், தண்ணிலதான் ஆயில ஊத்தணும், மாத்தி ஊத்துனா திரிதிரியா நிக்கும். அலுமினியம் டிரில் வாய்ல போயி அப்பிக்கும், மண்ணெண்ணெய் தொட்டுப் போட்டா விடும். பித்தளைக்கு எண்ணெய் தேவையில்ல, ஆனா புது டிரில் கவ்வி இழுக்கும், அதனால வெட்டுற விளிம்ப கல்லுல லேசா மட்டமாக்கிட்டுப் போடணும், எங்க ஊரு பழைய சாமான் கடைல வாங்குன பித்தளைப் பூட்ட இப்படி இழுத்து உடைச்சவங்கள நிறையப் பாத்துருக்கேன்.

ஆளைக் கவுக்குறது எஸ்எஸ், அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தான். 304 கிரேடு தேய்ச்சா இறுகும், அதாவது மொக்கை டிரில வச்சு வேகமாச் சுத்தவிட்டு வெட்டாம உரசிக்கிட்டே நின்னீங்கன்னா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆயிரும், அப்புறம் எந்த டிரில் கொண்டாந்தாலும் சறுக்கும். வேகத்தக் குறைச்சு அழுத்தத்தக் கூட்டணும். 6.8 எம்எம் டிரிலுக்கு எம்எஸ்ல 1,100 ஆர்பிஎம் ஓடலாம், எஸ்எஸ்ல 450 பக்கம்தான். கோபால்ட் கலந்த டிரில், எம்35னு போட்டுருக்கும், அது காசு கூடன்னாலும் வாங்கிருங்க. எண்ணெயும் கந்தகம் கலந்த கெட்டி கட்டிங் ஆயில், கூலன்ட் தண்ணி இங்க பத்தாது.

ஒரு மண்டபத்து கைப்பிடி வேலைல மூணாவது ஓட்டைலயே எம்8 டேப், அதான் ஓட்டைக்குள்ள மரை வெட்டுற கருவி, உடைஞ்சு உள்ளயே நின்னுபோச்சு. எண்ணெய் தப்புன்னுதான் முதல்ல நினைச்சேன், ஓட்டைய அளந்து பாத்தா 6.5. எங்க பக்கம் இன்னமும் நூல் கணக்குதான், ஒரு நூல்னா அரைக்கால் இஞ்சு, ரெண்டரை நூல் போல்ட்டுன்னா அஞ்சு பதினாறு இஞ்சு, அந்தப் பழைய பிஎஸ்டபிள்யூங்கிற இங்கிலீஷ்காரன் இஞ்சு மரைக்கு 6.5 டிரில்தான் சரி. எம்8க்கு 6.8 வேணும், எட்டுல மரையோட பிட்ச், அதான் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், 1.25 கழிச்சா 6.75, அதத்தான் 6.8னு வச்சுக்குறோம். எம்6க்கு 5, எம்10க்கு 8.5, எல்லாம் அதே கழித்தல்தான். ரெண்டு போல்ட்டும் பாக்க ஒரே தடி, ஆனா ஒண்ணு இஞ்சுக்கு 18 மரை, இன்னொண்ணு 20 சொச்சம், பழைய வீட்டு இரும்புல எம்8 போல்ட்ட முறுக்கிட்டு ரெண்டு சுத்துல இறுகிருச்சுன்னு ஸ்பேனருக்கு பைப்பு மாட்டி திருகுறவங்க மரையவே கழட்டிருவாங்க.

டேப் போடுறப்ப அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி, சீவல் முறியிற சத்தம் கைக்குத் தெரியும். அடைஞ்ச ஓட்டைல எண்ணெய ரொப்பி வச்சுட்டுத் திருகாதீங்க, போக வழியில்லாம அதுவே எதுத்துத் தள்ளும். அவசரத்துக்குத் தேங்காண்ணெய் தொட்டுப் போடுறத யாராச்சும் கிண்டல் பண்ணா கண்டுக்காதீங்க, சின்ன டேப்புக்கு அது நல்லாவே பிடிக்கும், அப்புறம் தொடச்சிரணும், இல்லேன்னா சிக்கு வாடை.

கெட்டுப்போன எஞ்சின் ஆயில மட்டும் விட்ருங்க. சும்மா கெடைக்குதுன்னு மெக்கானிக் கடைலேருந்து வாங்கி டப்பால வச்சுக்குறாங்க, அதுல புத்துநோய் வரவைக்கிற சமாச்சாரமெல்லாம் சேந்துருக்கு, நாள்பூரா கைல ஊறுது, அதே துணிய இடுப்புல சொருகிக்கிறோம். கை பத்திரம்னு கிளவுஸ் மாட்டிக்கிட்டு டிரில் மிஷின்ல நிக்கிறது அதவிட மோசம், கிளவுஸ் நூல் சுத்துற டிரில்ல சிக்குனா விரல்தான் போகும், கிளவுஸ கழட்டிட்டு சாமான வைஸ்ல கட்டுங்க.

அப்புறம், பித்தளைப் பூட்டுக்குள்ள பழைய எஃகு திருகாணி உடைஞ்சு நின்னா டிரில்லயே வைக்காதீங்க. நாட்டுமருந்துக் கடைல படிகாரம் வாங்கி சுடுதண்ணில நல்லாக் கரைச்சு, அதுல போட்டு சூடு குறையாம வச்சுருங்க, எஃக மட்டும் அரிச்சுரும், பித்தளைய ஒண்ணும் பண்ணாது. பூட்டுல வேற எஃகு ஸ்பிரிங் இருந்தா முதல்ல கழட்டிருங்க, நான் ஒருதடவ கழட்டல, ஸ்பிரிங்கும் சேந்து கரைஞ்சுபோச்சு.