கண்மாய்க் கரம்பையை வயலுக்கு எடுத்து வர விதி என்ன சொல்கிறது?

சித்திரை கடைசியில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கினால் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு பாளத்தைப் பெயர்த்துக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் வழுவழுவென்று இருக்கும். பக்கவாட்டில் மெல்லிய அடுக்குகள் தெரியும். மழைத் தண்ணீர் கலங்கலாக வந்து நின்று தெளியத் தெளிய, அடியில் படிந்த அடுக்குகள் அவை. அந்த மண் வேறு சீமையிலிருந்து வந்ததில்லை. மேட்டுப் புஞ்சைகளில் நாம் உழுது போட்ட மேல்மண்தான் ஓடையிலும் வரத்துக்காலிலும் இறங்கி, கண்மாயில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மதுரை, சிவகங்கைப் பக்கம் அதைக் கரம்பை என்போம். அரசுத் தாள்களில் அதன் பெயர் வண்டல் மண். அதை வயலுக்குத் திரும்ப எடுத்து வர விவசாயிக்கு உரிமை உண்டு, அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் இடைத்தரகரிடம் நடைக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்குகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

விதியிலிருந்து தொடங்குவோம். மண், மணல், கிராவல் எல்லாமே சட்டத்தின் பார்வையில் சிறுகனிமங்கள். அவற்றை எடுக்கப் பொதுவாக அரசுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். ஆனால் 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 12(2) என்று ஒரு விதி இருக்கிறது. ஏரி, கண்மாய், குளங்களில் தூர்ந்து கிடக்கும் வண்டலையும் களிமண்ணையும் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ள வழி செய்வது அந்த விதிதான். இலவசம் என்பது மண்ணுக்கு மட்டும். வெட்டி ஏற்றுகிற ஜே.சி.பி.க்கு மணிக் கணக்கிலும், கொண்டு வருகிற டிராக்டருக்கு நடைக் கணக்கிலும் ஆகும் செலவு நம்முடையது. அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் இந்த அனுமதி மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் வர வேண்டும். விண்ணப்பம் பல மேசைகள் ஏறி இறங்கி வருவதற்குள் கோடை முடிந்து, கண்மாயில் தண்ணீர் வந்துவிடும். 2024-இல் நடைமுறையை மாற்றினார்கள். இப்போது உங்கள் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம். விண்ணப்பத்தை இணையத்தில், இ-சேவைத் தளத்தில் போட வேண்டும். இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. வசிக்கும் ஊரோ நிலம் இருக்கும் ஊரோ எந்த வட்டத்தில் இருக்கிறதோ, அந்த வட்டத்துக்குள் அனுமதிக்கப்பட்ட நீர்நிலை எதிலிருந்தும் எடுக்கலாம். சொந்த ஊர்க் கண்மாயில் நல்ல வண்டல் இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

“அனுமதிக்கப்பட்ட நீர்நிலை” என்றால் என்ன? ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்தெந்த ஏரி, கண்மாய்களில் மண் எடுக்கலாம் என்று ஒரு பட்டியலை மாவட்ட அரசிதழில் வெளியிடுவார்கள். அதில் இல்லாத குளத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பயனில்லை. ஆகவே முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ உங்கள் கண்மாய் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது. ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பட்டியலில் இல்லையென்றால் யாரிடம் மனுக் கொடுப்பது என்பது இதை வைத்துத் தெரியும். கிராமசபையில் ஒரு தீர்மானம் போட்டு அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். தனி ஆள் கேட்பதற்கும் ஊர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊர்க் காரியம் என்பது நமக்குப் புதிதும் இல்லை. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியம் என்று தனி வாரியம் இருந்தது.

சரி, எவ்வளவு எடுக்கலாம்? நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர். புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர். மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60 கன மீட்டர்.

கன மீட்டர் என்றால் களத்தில் யாருக்கும் பிடிபடாது. நம்மிடம் புழங்குவது யூனிட் கணக்கு. 100 கன அடி ஒரு யூனிட். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. அப்படியானால் நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 26 யூனிட். புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது 32 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டிராக்டர் டிப்பர் ஒரு நடைக்கு ஒரு யூனிட் ஏற்றும் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கர் புஞ்சைக்கு 31 நடை வரும். டிப்பரின் நீள, அகல, உயரத்தை நீங்களே நாடாவால் அளந்து பாருங்கள். “ஒரு யூனிட் பிடிக்கும்” என்று சொல்லும் எல்லா டிப்பரும் ஒரு யூனிட் பிடிப்பதில்லை.

என் சித்தப்பாவுக்கு 40 செண்ட் நஞ்சை. அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். 75-இல் ஐந்தில் இரண்டு பங்கு 30 கன மீட்டர், அதாவது பத்தரை யூனிட். “பத்து நடைதானா? அது எந்த மூலைக்கு?” என்றார். வயலில் பரப்பிப் பார்த்தால் தெரியும். ஏக்கருக்கு 75 கன மீட்டரைச் சமமாக நிரவினால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கனம் வரும், ஒரு விரல் தடிமன். செம்மண் நிலத்தில் அந்த ஒரு விரல் கரம்பை உழவில் கலந்துவிட்டால், தண்ணீர் நிற்கிற நிலையே மாறிவிடும். அதற்கு மேல் கொட்டினால் நல்லது என்று நினைக்கத் தேவையில்லை. ஒரே தடவையில் கனமாகக் கொட்டினால் மேலே ஒரு களித் தட்டு உருவாகி, நாற்றும் விதையும்தான் திணறும்.

இனி விண்ணப்பம். ஆதார் அட்டை, பட்டா அல்லது சிட்டா, அடங்கல் கையில் இருக்க வேண்டும். இ-சேவைத் தளத்தில் வருவாய்த் துறைச் சான்றுகள் வாங்கியவர்களுக்கு கேன் (CAN) எண், அதாவது அந்தத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண், ஏற்கெனவே இருக்கும். இல்லாதவர்கள் அதை முதலில் பதிவு செய்ய வேண்டும். செல்பேசியிலேயே செய்ய முடியும். பழக்கம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். புல எண், உட்பிரிவு எண், நிலத்தின் பரப்பு, நஞ்சையா புஞ்சையா, எந்தக் கண்மாய், எவ்வளவு மண் என்று கேட்கும். இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. சித்தப்பாவின் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து. உட்பிரிவு 2ஏ என்பதற்குப் பதிலாக 2 என்று அடித்துவிட்டார்கள். பத்து நாள் போனது. அதனால் மையத்தில் உட்கார்ந்து அடிக்கும்போது சிட்டாவைப் பக்கத்தில் வைத்து, நீங்களே ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சரிபாருங்கள். சமர்ப்பித்த பிறகு வரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? நம் கிராமங்களில் பாதிச் சிக்கல் இதுதான். ஆதாரில் ஒரு பெயரும் பட்டாவில் ஒரு பெயரும் இருந்தால் விண்ணப்பம் நகராது. கோடை வருவதற்கு முன்பே, மாசி பங்குனியிலேயே, பட்டா மாறுதலை முடித்துவிடுங்கள். அது இந்த மண்ணுக்கு மட்டும் உதவுகிற வேலை இல்லை, எந்தத் திட்டத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அனுமதிச் சீட்டு வந்ததும் மடித்துப் பையில் வைக்காமல் ஒருமுறை வாசியுங்கள். எந்தக் கண்மாய், எந்தப் பகுதி, எவ்வளவு ஆழம், எத்தனை கன மீட்டர், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் அடி பலவீனமாகி, தண்ணீர் நிறைந்த நாளில் உடைப்பு எடுக்கும். மடைக்குப் பக்கத்தில் பள்ளம் பறித்தால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மடை ஏறாது, பாசனத்துக்கு உதவாமல் கிடந்தே வற்றும். ஆழமாகத் தோண்டினால் வண்டல் தீர்ந்து மணல் தெரியும். வண்டல்தான் கண்மாய்க்கு அடித்தளம். அதை முழுக்க வழித்தெடுத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். எங்கே வெட்டலாம் என்று மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கண்மாயின் அடிமட்டம் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

வண்டி ஓட்டுகிறவரிடம் சீட்டு இருக்க வேண்டும். நகல் போதும் என்று விட்டுவிடாமல் என்ன காட்ட வேண்டும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் மண் ஏற்றிய வண்டியைப் பிடித்தால், 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம், சிறைத் தண்டனையும் உண்டு. இந்தக் கடுமை நியாயமானது என்பதே என் கருத்து. வண்டல் என்றும் சவுடு என்றும் சீட்டு வாங்கிக்கொண்டு கீழே இருக்கும் மணலை அள்ளிக்கொண்டு போனவர்களால் எத்தனையோ கண்மாய்கள் குழியும் மேடுமாகிவிட்டன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இதற்காக வழக்கு மேல் வழக்கு நடந்தது. உங்கள் பெயரில் சீட்டு வாங்கித் தருகிறேன், மண்ணில் பாதி எனக்கு என்று யாராவது வந்தால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மண் செங்கல் சூளைக்கோ வீட்டுமனைக்கோ போனால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பட்டா எண்தான். விவசாயத்துக்கு என்று வாங்கிய மண்ணை விற்கவே கூடாது.

அப்புறம், எல்லாக் கரம்பையும் நல்ல கரம்பை இல்லை. எடுப்பதற்கு முன் கண்மாயில் நடந்து பாருங்கள். காய்ந்த தரையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. கடலோர வட்டங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊர்ச் சாக்கடையோ ஆலைக் கழிவோ வந்து சேருகிற குளத்து மண்ணை வயலுக்குக் கொண்டு வராதீர்கள். ஒரு சிட்டிகை மண்ணை நனைத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால், நறநறவென்று இருந்தால் மணல் அதிகம், வழுக்கிக்கொண்டு நாடா போல நீண்டால் களி அதிகம். செம்மண்ணுக்கும் மணற்சாரிக்கும் களி மிகுந்த கரம்பை அருமையானது. ஏற்கெனவே கரிசலாக இருக்கிற நிலத்துக்கு அதனால் பெரிதாகப் பலன் இல்லை, செலவுதான் மிச்சம்.

கையால் பார்ப்பதோடு நிறுத்தாமல் மண்ணை ஆய்வுக்கும் கொடுங்கள். கண்மாயில் எடுக்கப் போகிற பகுதியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மண் எடுத்துக் கலந்து, நான்கு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சினால் போதும். துணிப்பையில் போட்டு, வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வயல் மண்ணையும் கூடவே கொடுங்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் இந்த மூன்றையும் இரண்டு முடிவுகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே முடிவு எடுத்துவிடலாம். கரம்பை போட்டுவிட்டோம் என்று எருவை நிறுத்திவிடாதீர்கள். கரம்பை தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும், எரு செய்கிற வேலையை அது செய்யாது.

காலக் கணக்கும் முக்கியம். எங்கள் பக்கம் கண்மாய் நிறைவது ஐப்பசி கார்த்திகையில். தரை நன்றாகக் காய்வது சித்திரை வைகாசியில். ஈரமாக இருக்கும்போது வண்டி இறக்கினால் சக்கரம் புதையும், மண்ணும் கட்டி கட்டியாக வரும். காய்ந்த பிறகு அடித்து, வயலில் குவியல் குவியலாகக் கொட்டி, உடனே நிரவிவிடுங்கள். வெயிலில் காய்ந்த கட்டிகள் ஒரு கோடை மழை பட்டதும் தானாகவே பொலபொலவென்று உதிரும். அதன் பிறகு சரிவுக்குக் குறுக்கே உழுதால் கீழ்மண்ணோடு கலந்துவிடும். நிரவ இயந்திரம் வேண்டுமானால் வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். தனியார் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உழுவதற்கு முன்பே வரப்பைச் சரிசெய்யுங்கள். பணம் போட்டுக் கொண்டு வந்த மண் முதல் பெருமழையில் மறுபடி அதே ஓடை வழியாக அதே கண்மாய்க்கே போய்விடும். போன வருடம் சித்தப்பா வயலில் கீழ்வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தது. இரண்டு விரல் அகலம்தான். ஒரே இரவு மழையில் அந்த ஓட்டை ஒரு முழமாகி, அதன் வாயில் கரம்பை கறுப்பாக வழிந்து கிடந்தது. பத்து நடையில் ஒரு நடை அதில் போயிருக்கும். இந்த வருடம் அவர் மண் அடிப்பதற்கு முன்னால் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றி வந்தார்.

கடைசியாக ஒன்று. கண்மாய்க்குள் மேய்கிற ஆடு மாடுகளின் சாணத்தோடு சீமைக்கருவேல விதையும் கரம்பையில் கலந்து வந்துவிடும். முதல் மழைக்குப் பிறகு வயலில் இரண்டு இலை விட்டு முளைத்து நிற்கும். அப்போது இரண்டு விரலால் பிடுங்கினால் வேரோடு வரும். ஆடி வரை விட்டுவிட்டால் மண்வெட்டி தேவைப்படும்.