எழுத்து முடிந்துவிட்டதா? கனடாவுக்கு விமானம் ஏறுமுன்

கனடாவின் நிரந்தர வதிவுரிமை கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு அழைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, விண்ணப்பம் போட்ட பிறகு வீட்டில் கல்யாணமோ பிள்ளைப்பேறோ நடந்ததா என்பதைத்தான். குடிவரவு ஆலோசகராக இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த பெரிய இழப்புகள் பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியில்தான் தொடங்கியிருக்கின்றன.

கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் சொற்பமே. சிஓபிஆர் என்று எல்லோரும் சொல்லும் வதிவுரிமை உறுதிப்பத்திரமும், செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அதில் ஒட்டப்பட்ட விசாவும் வேண்டும். உறுதிப்பத்திரத்தின் காலக்கெடு பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து 12 மாதங்களையோ கடவுச்சீட்டு முடியும் நாளையோ, எது முந்துகிறதோ அதை ஒட்டியே அமையும். பொதுவாக அது நீட்டிக்கப்படுவதில்லை. முதன்மை விண்ணப்பதாரர் குடும்பத்தோடு சேர்ந்தோ அவர்களுக்கு முன்னரோ வர வேண்டும். மனைவியையும் பிள்ளைகளையும் முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் வரலாம் என்பது நடக்காது. பத்திரத்தில் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டாம், அது அதிகாரியின் முன்னிலையில் செய்ய வேண்டியது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். தந்தையின் விண்ணப்பத்தில் சார்ந்திருக்கும் பிள்ளையாகச் சேர்க்கப்பட்ட ஓர் இளைஞர், விசா வந்த மகிழ்ச்சியில் யாழ்ப்பாணத்தில் 'எழுத்து' என்று சொல்லப்படும் பதிவுத் திருமணத்தை முடித்துக்கொண்டு வந்திறங்கினார். தாலி கட்டுவது பிறகு என்பதால், "எழுத்து மட்டும்தானே, இன்னும் கல்யாணம் ஆகவில்லையே" என்று வீட்டார் நினைத்தார்கள். விமான நிலையத்தில் அதிகாரி மணமானவரா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டார். ஆனால் எழுத்து முடிந்த நாளிலேயே சட்டப்படி அவர் மணமானவர். சார்ந்திருக்கும் பிள்ளை 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவராகவும் மணமாகாதவராகவும் இருக்க வேண்டும் என்பதால், அந்தத் தகுதியும் அன்றே போய்விட்டது. பின்னர் மனைவியை அழைக்க அவர் கொடுத்த திருமணச் சான்றிதழில் இருந்த தேதியே அவரைக் காட்டிக்கொடுத்தது. வந்திறங்கும்போது அறிவிக்கப்படாத, பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பின்னர் குடும்ப வகுப்பில், அதாவது உறவினரைப் பொறுப்பேற்று வரவழைக்கும் பிரிவில், அழைக்க முடியாது என்பது விதி. 2019இல் இந்த விதிக்கு ஒரு தற்காலிகச் சலுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் தமக்கே வதிவுரிமை கிடைத்திராதவர்களுக்கு அது கைகொடுப்பதில்லை. தவறான தகவல் தந்ததாக முடிவானால் வதிவுரிமையே பறிபோவதுடன், ஐந்தாண்டுத் தடையும் வரும். எழுத்தை வந்திறங்கிய பிறகு வைத்திருந்தால் அவர் மனைவியை முறைப்படி அழைத்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழந்தை பிறந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் விசா அலுவலகத்துக்கு எழுதிக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகைகளைப் பற்றியும் கேட்பார்கள். கொண்டுவருபவை, பின்னால் வரப்போகிறவை எனச் சுங்க அதிகாரியிடம் காட்ட இரண்டு பட்டியல்களை மதிப்போடு எழுதி, ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத சங்கிலி ஆறு மாதம் கழித்து வந்தால் அதற்கு வரி கட்ட நேரலாம். 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதால் பணம் குறையாது.

வந்திறங்கிய பின் பிஆர் கார்டு எனப்படும் நிரந்தர வதிவாளர் அட்டை கனடா முகவரிக்குத்தான் வரும், அந்த முகவரியை 180 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். கார்டு வருமுன் ஊருக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: கையெழுத்தான உறுதிப்பத்திரம் பயண ஆவணமாகாது. தாயாரின் இறுதிச்சடங்குக்காக அவசரமாகக் கொழும்பு போன ஒருவர், திரும்பும்போது விமான நிறுவனத்தின் கவுண்டரில் அந்தத் தாளை நீட்டியிருக்கிறார், ஏற்ற மறுத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்தபடியே நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வரும்வரை சகோதரி வீட்டில் காத்திருந்தார். ரொறன்ரோவில் அவருடைய கார்டு அதற்கு முன்பே தபால்பெட்டியில் வந்து கிடந்தது.